ஆண்டெனா இல்லாத பெட்டி எப்படி ஒலிபரப்பும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் டேட்டா சென்டர்களைப் பற்றி எழுதியபோது, அங்கே அடுக்கி வைக்கப்படும் நெட்வொர்க் சுவிட்ச்சுகள் (கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்) விற்பனைக்கு வருமுன், அவற்றிலிருந்து எவ்வளவு வானொலி அலை கசிகிறது என்று அளக்கும் மின்காந்த உமிழ்வுச் சோதனையில் தேற வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மையப் பொருளை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வைஃபை இல்லாத சாதாரண ஈதர்நெட் சுவிட்ச்சில் ஆண்டெனாவே கிடையாது. தகவல் முழுவதும் கேபிளுக்குள்தான் போகிறது. அப்படியிருக்க அது எதை உமிழும், எதற்காக அதைச் சோதிக்க வேண்டும்?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: ஆண்டெனா என்று நாம் பெயரிட்டுப் பொருத்தியது மட்டும்தான் ஆண்டெனா என்று எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மாறும் மின்னோட்டம் ஓடும் எந்த உலோகமும், அதன் நீளம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால், அலையை வெளியே விட்டுவிடும். அதற்கு நம் அனுமதி தேவையில்லை.

ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளிலும் விநாடிக்கு 12.5 கோடிக் குறிகள் இரு திசைகளிலும் ஓடுகின்றன. சுவிட்ச்சின் உள்ளே பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும்; அந்தத் துடிப்பு அதன் மடங்குகளிலும் அலை எழுப்பும். அதன் நான்காம் மடங்கு 100 மெகாஹெர்ட்ஸ், அது எஃப்.எம். வானொலியின் நடுவே விழுகிறது. ஐந்தாம் மடங்கு 125 மெகாஹெர்ட்ஸ். அது விமானிகள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் வருகிறது. சோதனை எதற்காக என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

கேபிளில் ஒவ்வொரு ஜோடியிலும் இரு கம்பிகளில் நேரெதிரான சமிக்ஞைகள் போவதால், அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த 'ஏறத்தாழ' என்பதில் மிஞ்சும் துளி மின்னோட்டம் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடத் தொடங்கும்போது, கேபிள் முழுவதும் ஒற்றைக் கம்பி ஆண்டெனாவாகிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் இப்படி 5 மைக்ரோஆம்பியர் ஓடினால், மூன்று மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டு உபயோகக் கருவிகளுக்கு அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. அந்த அலைவரிசையில் வைத்திருக்கும் வரம்பே அவ்வளவுதான். சுவிட்ச்சின் முகப்பில் கண்சிமிட்டும் சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, இதைப்போல ஆயிரம் மடங்கு மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 'ஏ வகுப்பு', 'பி வகுப்பு' என்று கருவிகளில் அச்சிட்டிருக்கிறார்களே, பி என்றால் தரம் குறைந்ததா? பழைய அலுவலக சுவிட்ச் ஒன்றை மலிவாக வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அதில் ஏ என்று இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: நேர்மாறு. பி வகுப்புதான் கடுமையானது, அது வீடுகளுக்கானது. ஏ வகுப்பு தொழிற்சாலை, டேட்டா சென்டர் போன்ற இடங்களுக்கானது. வானொலிக் குறுக்கீட்டுக்கான பன்னாட்டுச் சிறப்புக் குழுவான 'சிஸ்பர்' 1934-இலிருந்து இயங்கிவருகிறது. வானொலி வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில், மோட்டார்களும் மின்தொடர் வண்டிகளும் அதில் கரகரப்பை உண்டாக்கியதால் பிறந்த அமைப்பு அது. நெட்வொர்க் கருவிகளுக்கு இன்று பெரும்பாலான நாடுகள் பின்பற்றுவது அதன் 32-ஆம் எண் தரநிலையைத்தான்.

அதன்படி 10 மீட்டர் தொலைவில் அளக்கும்போது, 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை பி வகுப்புக் கருவி மீட்டருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஏ வகுப்புக்கு 100 மைக்ரோவோல்ட் வரை அனுமதி உண்டு. சோதனைக்கூடத்தார் இதையே 30 டெசிபெல், 40 டெசிபெல் என்பார்கள். பத்து டெசிபெல் வேறுபாடு என்றால், திறனில் பத்து மடங்கு. பக்கத்து வீட்டுக்காரரின் வானொலி 30 மீட்டருக்கு அப்பால் இருக்கும் என்ற அனுமானம் ஏ வகுப்புக்கும், பத்து மீட்டரிலேயே இருக்கும் என்ற அனுமானம் பி வகுப்புக்கும் பின்னால் இருப்பதாக எண்ணிக்கொண்டால் பெரிய தவறில்லை.

உங்கள் சுவிட்ச் சட்டவிரோதமானதன்று. குடியிருப்புப் பகுதியில் வானொலிக் குறுக்கீட்டை உண்டாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதன் கையேட்டில் இருக்கும். எஃப்.எம். கேட்கும்போது ஒரே ஒரு நிலையம் மட்டும் இரைந்தால், சுவிட்ச்சை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: உமிழ்வு அளவீட்டில் 'குவாசி-பீக்' என்று ஒன்று வருகிறது. உச்ச அளவும் இல்லை, சராசரியும் இல்லை என்கிறார்கள். பின் எதற்கு?
– விரிவுரையாளர், கோயம்புத்தூர்

பதில்: அது மனிதக் காதை மின்சுற்றில் வடிக்க முயன்றதன் விளைவு. விநாடிக்கு ஒரு முறை வரும் 'டப்' என்ற ஒலியைப் பண்பலைக்கு முந்தைய காலத்து வானொலி நேயர் பொறுத்துக்கொள்வார். அதே ஒலி விநாடிக்கு ஆயிரம் முறை வந்தால் வானொலியை அணைத்துவிடுவார். உச்ச அளவு இரண்டிலும் ஒன்றே. எனவே சட்டென்று ஏறி மெல்ல வடியும் ஒரு மின்தேக்கியை அளவியில் வைத்தார்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது ஏற 1 மில்லிவிநாடியும், வடிய 550 மில்லிவிநாடியும் எடுத்துக்கொள்ளும். குறுக்கீடு அடிக்கடி வர வர, வடிய நேரமின்றி முள் மேலேயே நிற்கும். காதின் எரிச்சலுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. இன்று கெட்டுப்போவது பெரும்பாலும் காது கேட்கும் ஒலியன்று, எண்மத் தகவல்தான் என்றாலும், 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த அளவீடு நிலைத்துவிட்டது. அதற்கு மேலே உச்சமும் சராசரியும் மட்டுமே.

கேள்வி: எங்கள் குழு வடிவமைத்த 48 வாயில்கள் (போர்ட்டுகள்) கொண்ட 10 கிகாபிட் சுவிட்ச், சிஸ்பர் 32 சோதனையில் நல்ல இடைவெளியோடு தேறியது. அதே பெட்டியை அமெரிக்க விதிப்படி சோதித்தபோது 10.3125 கிகாஹெர்ட்ஸில் தோற்றது. ஒரே பெட்டி எப்படி இரண்டு விதமாக நடக்கும்? எங்கே தேடுவது?
– வன்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: பெட்டி ஒரே விதமாகத்தான் நடந்திருக்கிறது. சிஸ்பர் 32, கருவியின் உள்ளே எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் இருந்தாலும், 6 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எஃப்.சி.சி. விதியோ, உள்ளிருக்கும் அதிர்வெண் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால், அதன் ஐந்தாம் மடங்கு வரை அல்லது 40 கிகாஹெர்ட்ஸ் வரை, எது குறைவோ அதுவரை அளக்கச் சொல்கிறது. உங்களுக்கு ஐந்தாம் மடங்கு 51 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போவதால், 40 வரை அளந்திருப்பார்கள். முதல் சோதனை கதவுக்கு வெளியே நின்று பார்க்கவே இல்லாத அறையில்தான் உங்கள் கசிவு இருந்தது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 156.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 66-ஆல் பெருக்கினால் 10.3125 கிகாஹெர்ட்ஸ் வரும். 10 கிகாபிட் தகவலை 64 பிட்டுக்கு 66 பிட்டாகக் கட்டி அனுப்பும்போது கம்பியில் ஓடும் உண்மையான வேகம் அது. ஏட்டுக் கணக்கின்படி, இரு நிலைகள் மட்டுமே கொண்ட இந்தச் சமிக்ஞையின் நிறமாலையில் சரியாக அந்த இடத்தில் சுழியம் இருக்க வேண்டும்! ஆனால் ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் ஒத்த வேகத்தில் இருப்பதில்லை. ஒரு குறியின் அகலம் மற்றதன் அகலத்துக்குச் சமமாக இருப்பதில்லை. சில்லுகளுக்குள் ஓடும் கடிகாரமும் கொஞ்சம் ஒழுகுகிறது. அதனால் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஊசிபோல ஒரு கோடு எழுகிறது. பலகையில் ஜோடித் தடங்களின் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 3 பிக்கோவிநாடி தாமதம். ஒரு சுற்றுக்கே 97 பிக்கோவிநாடிதான் என்னும்போது, அதுவே இருபுறச் சமநிலையைக் குலைத்துவிடப் போதும்.

கணினிப் பலகைகளில் செய்வதுபோலக் கடிகாரத்தை இலேசாக அலையவிட்டுக் கோட்டைப் பரப்பிவிடலாமே என்று தோன்றும். அந்த உத்தி இங்கே செல்லாது. அப்படி அலையவிடுவது வழக்கமாக அரை சதவீத அளவில், அதாவது பத்து இலட்சத்தில் 5,000 பங்கு. ஈதர்நெட் அனுமதிப்பதோ பத்து இலட்சத்தில் 100 பங்கு.

இனி 48-ஐக் கவனியுங்கள். எல்லா வாயில்களும் ஒரே அதிர்வெண்ணில், ஆனால் ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்காமல் தத்தம் கட்டத்தில் உமிழ்கின்றன. அவற்றின் திறன்கள் கூடும்போது, ஒரு வாயிலைவிட ஏறத்தாழ 17 டெசிபெல் மேலே போகும். அங்கே பி வகுப்புக்கான சராசரி வரம்பு 3 மீட்டரில் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட், அதாவது 54 டெசிபெல். ஆக ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே 37 டெசிபெல்லுக்குள் அடங்கினால்தான் கூட்டம் வரம்புக்குள் நிற்கும். வாயிலில் செருகும் இணைப்புத் துண்டான மாட்யூல் ஒன்றே ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு 'பத்து டெசிபெல் இடைவெளி இருக்கிறது' என்று மகிழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு என் பதில்: சில்லுகளை விட்டுவிட்டு முதலில் முகப்புத் தகட்டைப் பாருங்கள். 10.3 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 29 மில்லிமீட்டர். அரை அலைநீளம் 14.5 மில்லிமீட்டர். அந்த நீளமுள்ள எந்தக் கீற்றும் முழுமையான ஆண்டெனா. மூடித் தகட்டில் திருகுகளுக்கு இடையே 30 மில்லிமீட்டர் விட்டிருந்தால், ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சன்னல். எஸ்.எஃப்.பி. என்னும் வகை மாட்யூல் நுழையும் உலோகக் கூட்டின் வாய் அகலம் சுமார் 14 மில்லிமீட்டர். காலியாக இருக்கும்போது அது 10.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலையை எளிதில் விடாத குழாய். மாட்யூலின் பிளாஸ்டிக்கும் பலகையும் உள்ளே வந்ததும் அந்த எல்லை கீழிறங்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒளியிழை வாயில்கள் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இழை உமிழாது, உண்மைதான். இழை நுழைகிற ஓட்டை உமிழும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே கோடு, வரம்புக்கு 6 டெசிபெல் மேலே. அதற்கு முந்தைய மாதம் அதே வடிவமைப்பு தேறியிருந்தது. பலகையிலும் சில்லிலும் மென்பொருளிலும் மாற்றம் எதுவும் இல்லை என்று வடிவமைப்புக் குழு உறுதியாகச் சொன்னது. நள்ளிரவு தாண்டி, கையளவு ஆய்முனை ஒன்றை முகப்பின் குறுக்கே அங்குலம் அங்குலமாக நகர்த்தியபோது, நடுவில் இருந்த ஒரு கூட்டின் கீழ் விளிம்பில் மட்டும் கோடு துள்ளியது. டார்ச் அடித்துப் பார்த்தால், கூட்டைச் சுற்றியிருக்கும், வில்போல் அழுந்தும் உலோக விரல்கள் தகட்டின் உள்விளிம்பை நன்றாகவே தொட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அவை தொட்டது உலோகத்தையன்று, பெயிண்டை. தகட்டுக்குப் பவுடர் பூச்சு அடிப்பவர் மாறியிருக்கிறார். புதியவர் விளிம்பை மறைக்காமல் அடித்துவிட்டார். பிளேடால் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகு, கோடு வரம்புக்கு 4 டெசிபெல் கீழே போய்விட்டது. மின்னணுப் பொறியாளர்கள் நான்கு பேர் இரண்டு நாள் தேடியதற்கு விடை பெயிண்டரிடம் இருந்தது. உமிழ்வு சில்லின் குணமன்று, பெட்டியின் குணம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்த இரவுதான் காரணம்.

காற்றோட்டத் துளைகளையும் விட்டுவிடாதீர்கள். துளையின் விட்டத்தைவிட ஆழம் அதிகமாக உள்ள தேன்கூட்டு வடிவம் காற்றை விட்டு அலையைத் தடுக்கும். மெல்லிய தகட்டில் குத்திய பெரிய துளைகள் இரண்டையும் விட்டுவிடும்.

கேள்வி: 40 கிகாஹெர்ட்ஸ் வரை எப்படித்தான் அளக்கிறார்கள்? அந்த அறைக்குள் என்ன இருக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது அமைதி. சுவரும் கூரையும் கரியூட்டிய கூம்புகளால் மூடப்பட்டிருப்பதால், அவை வானொலி அலையோடு உங்கள் குரலையும் கொஞ்சம் விழுங்கிவிடும். கூம்புகளுக்குப் பின்னால் ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கானால் ஆன ஓடுகள். அவற்றுக்குப் பின்னால் வெளியுலக ஒலிபரப்புகளை நிறுத்தும் உலோகச் சுவர். தரை மட்டும் வெறும் உலோகம். கருவி 80 சென்டிமீட்டர் உயர மேசையில், சுழலும் வட்டத் தளத்தின்மேல் இருக்கும். ஆளுயர ரேக் என்றால் தரையிலேயே நிற்கும். எதிரே 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும் கம்பத்தில் ஆண்டெனா. தளம் சுழல, ஆண்டெனா ஏறி இறங்க, கிடையாகவும் நெட்டாகவும் அதைத் திருப்பி வைத்து, மிக மோசமான அளவைத் தேடிப் பிடிப்பார்கள். கருவிக்குச் சாதகமான கோணத்தைத் தேடினால் அது சோதனையாகாது.

1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனதும் தரையிலும் கூம்புகளைப் பரப்பி, கொம்பு வடிவ ஆண்டெனாவுக்கு மாறுவார்கள். இங்கே இரண்டு இடர்கள். ஒன்று, அலை டார்ச் வெளிச்சம்போல ஒடுங்கிவிடுகிறது. தளத்தைப் பதினைந்து பாகை, பதினைந்து பாகையாகத் திருப்பினால், அந்த ஒளிக்கற்றை இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நழுவிப் போய்விடலாம். மற்றொன்று, அளக்கும் கருவியின் சொந்த இரைச்சல். அதிர்வெண் ஏற ஏறக் கேபிளில் இழப்பும் ஏறும்; வரம்புக்கு அருகில் இரைச்சலே வந்து நின்றுகொள்ளும். அதனால் 18 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பல கூடங்களில் ஆண்டெனாவின் முதுகிலேயே பெருக்கியைப் பொருத்தி, தொலைவை 3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைத்து, கணக்கில் 9.5 டெசிபெல்லைச் சரிசெய்துகொள்வார்கள்.

சோதனையின்போது சுவிட்ச் சும்மா இருக்கக் கூடாது. ஈதர்நெட் வாயிலில் 10 சதவீதத்துக்கு மேல் தகவல் ஓட்டம் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் எல்லா வாயில்களையும் நிரப்பியே ஓட்டுவார்கள். கேபிள்கள் எப்படிக் கிடந்தன என்று புகைப்படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பது சடங்குக்காக அன்று. ஒரு கேபிளை ஒரு சாண் நகர்த்தினால் அளவு பல டெசிபெல் மாறும்.

கேள்வி: வீட்டு மாடத்தில் இருக்கும் ரவுட்டரும் சுவிட்ச்சும் விடும் 'கதிர்வீச்சு' பேரக் குழந்தைகளைப் பாதிக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: இந்தச் சோதனை வானொலிக் கருவிகளைக் காப்பதற்கானது, உடல்நலத்துக்கான வரம்புகள் வேறு, அவை மிக மிக உயரத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன 500 மைக்ரோவோல்ட் வரம்பை முழுவதும் தொட்டு நிற்கும் கருவி வெளியே விடும் திறன், எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், ஒரு வாட்டில் 1.3 கோடியில் ஒரு பங்கு. வைஃபை ரவுட்டர் வேண்டுமென்றே அனுப்பும் பத்தில் ஒரு வாட்டோடு ஒப்பிட்டால், இது அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வைஃபையும்கூடப் பன்னாட்டு வரம்புகளுக்கு வெகு கீழேதான் இருக்கிறது. மாடத்தில் குழந்தைகள் எட்டும்படி தொங்கும் அடாப்டர் வயரைப் பற்றிக் கவலைப்படுங்கள். அது நியாயமான கவலை.

கேள்வி: கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டினால் தீர்ந்துவிடாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கேபிள் உமிழ்ந்தால், சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை உதவும். பெட்டியின் கீற்று உமிழ்ந்தால், வளையம் அழகுக்குத்தான்.

கேள்வி: ஐந்து பேர் கொண்ட சிறு நிறுவனம் நடத்துகிறோம். தொழிற்சாலைகளுக்கான சிறிய சுவிட்ச் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். சோதனைக்கூடத்துக்கு மூன்று முறை போய்வரப் பணமில்லை. முன்கூட்டியே நாங்களே எதையாவது பார்க்க முடியுமா? இந்தியாவில் இது கட்டாயமா?
– தொழில்முனைவோர், சேலம்

பதில்: கட்டாயம்தான். இந்தியத் தந்தி விதிகளில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்தைத் தொடர்ந்து, தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் நடத்தும் கட்டாயச் சோதனை, சான்றளிப்புத் திட்டம் 2019 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ரவுட்டர்களும் லேன் சுவிட்ச்சுகளும் பின்னர் வந்த கட்டங்களில் சேர்க்கப்பட்டன. உங்கள் கருவி எந்த வகைப்பாட்டின் கீழ் வரும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வைஃபை சேர்த்தால், அதற்குத் தனி வானொலி ஒப்புதலும் வேண்டும். சோதனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை தரமணியில் உள்ள 'சமீர்' நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்திலேயே இத்தகைய சோதனைகள் நடக்கின்றன.

முன்கூட்டிப் பார்ப்பதற்கு, கேபிளின் ஒரே திசை மின்னோட்டத்தை அளப்பதே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும். பிளவுபட்ட ஃபெரைட் வளையம் ஒன்றில் சில சுற்றுக் கம்பி சுற்றி, அதை, அதிர்வெண் வாரியாக அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இணைத்து, ஒவ்வொரு கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். முதல் பதிலில் சொன்ன 5 மைக்ரோஆம்பியர் நினைவிருக்கட்டும். அதை நெருங்கினால் கூடத்துக்குப் புறப்படாதீர்கள். கோஆக்ஸ் கேபிளின் நுனியை வளைத்து நீங்களே செய்யும் சிறு வளைய ஆய்முனை, பலகையில் எந்த இடம் கத்துகிறது என்று காட்டும். அது சொல்வது இடத்தை மட்டுமே. அந்த அளவை வரம்போடு ஒப்பிடக் கூடாது. யு.எஸ்.பி.யில் செருகும் மலிவான வானொலி ரிசீவர்களேகூட 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்க உதவும்.

கூடத்துக்குப் போகும் நாளில், கருவியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வாடிக்கையாளருக்கு எந்தப் பவர் அடாப்டரைத் தரப்போகிறீர்களோ அதே அடாப்டர், அதே நீளக் கேபிள்கள், இறுதியான பெயிண்ட் அடித்த பெட்டி, கூடவே செப்பு நாடா ஒரு சுருள், கீற்றுகளை அடைக்கும் மூன்று நான்கு வகைக் கேஸ்கெட், ஒரு பிளேடு. அடாப்டரை மாற்றினால் முடிவு மாறும் என்பதை, அங்கே மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்க வேண்டாம்.